அங்க மழையா?

எங்கட வட்ஸ்அப் குழுவில் ஐந்து பேர். ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர்ப்பெயர்தான். பாலமீன்மடுப் பொடியன் 'பாலமீன்'. காத்தான்குடிக்காரி 'காத்தான்'. கட்டாருக்குப் போனவன் 'தோஹா'. போகமுதல் அவன் 'ஏறாவூர்'தான், பெயரை மாத்துறதா வேணாமா எண்டு குழுவில வாக்கெடுப்பெல்லாம் நடந்தது. வாவிக்கு மேற்குக் கரையில் இருப்பதால் நான் 'படுவான்'. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறவள் 'பசறை'.

ஐந்து பேரும் ஒன்றாக ஓரிடத்தில் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்தது கிடையாது. காத்தானையும் பாலமீனையும் டவுனில் கண்டிருக்கிறேன். தோஹாவை அவன் பிளேன் ஏறுகிற கிழமைதான் முதலும் கடைசியுமாகக் கண்டேன். பசறையை இதுவரைக்கும் நேரில் பார்த்ததே இல்லை.

என்ன கதைப்போம் எண்டு கேட்டால் சொல்வதற்கு வெட்கம். இதுதான்:

"என்னகா கறி?"
"மணலை மீன் ஆணம். உனக்கு?"
"இண்டைக்கும் பருப்பு."
"அங்க மழையா?"
"இல்ல, கச்சான் பேய்க்காத்து. உடுப்புக் கொடிய அறுத்திட்டு."
"இங்க மழ. லயத்துக்குள்ளயும் மழ."

ஐந்து வருசமாக இதேதான். கம்பஸுக்கு வந்த புதிதில் ஒரு நாள் பஸ்ஸில் இருந்து பழைய சாட்டை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். ஒரு புத்தகத்தைப் பற்றியாவது, நாட்டைப் பற்றியாவது நாலு வரி உருப்படியாகக் கதைத்திருக்கிறோமா எண்டு தேடினேன். மழை, வெயில், கறி, கரண்ட், அம்மா ஏசினது, ஆடு குட்டி போட்டது, திரும்பவும் மழை. இவ்வளவுதான் நாங்கள் எண்டு நினைத்துக் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

எங்கட மொழியியல் பாடத்தில் இதுக்கும் ஒரு பெயர் இருக்கு. மலினோவ்ஸ்கி எண்டொரு மானிடவியலாளர், பப்புவா பக்கத்துத் துரோபிரியாண்ட் தீவுகளில் போய் இருந்து ஆய்வு செய்தவர். சுகமா, நல்ல நாள், எங்க போறீங்க என்ற மாதிரிப் பேச்சுகள் தகவல் சொல்வதற்கு அல்ல, ஆட்களை ஒட்டவைப்பதற்கு மட்டும்தான் எண்டு அவர் 1923இல் எழுதினார். 'ஃபாட்டிக் கொமியூனியன்' எண்டு பெயரும் வைத்தார். விரிவுரையில் இதைக் கேட்ட அண்டைக்கு எனக்குப் பெரிய ஆறுதல். அட, எங்கட அரட்டைக்கும் ஒரு கோட்பாடு இருக்கே எண்டு குழுவிலும் போட்டேன். "அப்ப நாம பேசுறதுக்கு அர்த்தமே இல்லன்னு வெள்ளக்காரர் சொல்லிட்டாரா?" எண்டு பசறை கேட்டாள். அப்ப சிரித்தேன். இப்ப யோசித்தால், அவள் கேட்டதுதான் சரியான கேள்வி.

ஏனெண்டால் எங்களுக்குள் "அங்க மழையா" என்ற கேள்வி ஒட்டவைக்கிறதுக்காகத் தொடங்கினது அல்ல. 2021இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த நேரம், உயர்தரத்துக்குப் புவியியல் சூமில் படித்தோம். அந்த வகுப்பில்தான் இந்த ஐந்து பேரும் சேர்ந்தது. பசறையின் லயத்தில் சிக்னல் இல்லை. தேயிலை மலையில் தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் ஏறி நிண்டால்தான் இரண்டு கோடு வரும். அங்கே கூரை இல்லை. மழை எண்டால் அவளுக்கு வகுப்பு இல்லை. ஆகவே வகுப்புக்கு அரை மணித்தியாலம் முதல் யாராவது ஒருவர் கேட்போம், "அங்க மழையா?" அவள் ஓம் எண்டால், அண்டைக்கு ஒருவர் கொப்பியை அழகாக எழுதிப் படம் எடுத்து அனுப்பவேண்டும். முறை போட்டிருந்தோம். மேற்காவுகை மழையும் பருவக்காற்றும் படித்த பாடத்தை, மழையால் வகுப்புக்கு வரமுடியாதவளுக்கு நான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பிறகு 2022. மார்ச் கடைசியில் 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு வந்தபோது கேள்வி "அங்க கரண்ட் இரிக்கா?" எண்டு மாறியது. யாருடைய போனில் சார்ஜ் இருக்கோ அவர் வகுப்பில் இருப்பார், மற்றவர்களுக்குக் கடத்துவார். அதிலும் தகவல்தான். மலினோவ்ஸ்கி எங்கட குழுவில் இருந்திருந்தால் கொஞ்சம் வேறு மாதிரி எழுதியிருப்பார்.

எங்கட பக்கம் மழைப்பேச்சு வெறும்பேச்சு அல்ல என்பதற்கு இன்னுமொண்டு சொல்லவேண்டும். மாரியில் நானும் பாலமீனும் வருசா வருசம் சண்டை பிடிப்போம். விசயம், முகத்துவாரம் வெட்டுறது. அறியாதவர்களுக்காக: மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம், கடலுக்கு அதுக்கு இரண்டே வாய்தான். ஒண்டு பாலமீன்மடுப் பக்கம், மற்றது கல்லாற்றில். கோடையில் கடல் மணலை ஒதுக்கி வாயை மூடிவிடும். மாரியில் உன்னிச்சையும் நவகிரியும் நிரம்பி வான் பாய, அவ்வளவு தண்ணியும் வாவிக்குள் இறங்கும். இறங்கின தண்ணிக்குப் போக்கில்லை. அது எங்கட வட்டைக்குள்தான் ஏறும். ஐப்பசியில் விதைத்த வெள்ளாண்மை கார்த்திகையில் முழங்கால் உயரம்கூட இல்லை, நாலு நாள் தண்ணிக்குள் கிடந்தால் அழுகிவிடும். ஆகவே அப்பா சொல்லுவார், முகத்துவாரத்தக் கெதியா வெட்டச் சொல்லு. பாலமீனின் அப்பா தோணிக்காரர். அந்தரப்பட்டு வெட்டினால் ஆற்று இறாலெல்லாம் கடலுக்குப் போய்விடும், பிறகு எங்களுக்கு என்ன மிச்சம் எண்டு அவர் கேட்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காணாமலே எங்கட போன் வழியாக ஏசுப்படுவார்கள். "உங்கட அப்பாட்டச் சொல்லு, தண்ணி இன்னும் பாலத்து அடையாளத்துக்கு வரல்ல எண்டு" என்பான் அவன். வெட்டினதும் முதல் செய்தி அவனிடமிருந்துதான் வரும். "வெட்டியாச்சு. சந்தோசமா?"

எழுவான்கரை, படுவான்கரை எண்டு நாங்கள் பெயர் வைத்திருப்பதே வெயிலைப் பார்த்துத்தான். மழை ஒரு கரைக்குச் சோறு, மறு கரைக்கு நட்டம்.

தோஹாவுக்கு இதெல்லாம் படம் பார்க்கிற மாதிரி. அங்கே யூலையில் வெளியே நிண்டு வேலை செய்கிறவன். "ஒருக்கா மழைச் சத்தம் அனுப்புகா" எண்டு கேட்பான். நான் போனைத் தகரக் கூரைக்குக் கீழே பிடித்து ஒரு நிமிசம் வொய்ஸ் போடுவேன். அதைக் கேட்டுக்கொண்டுதான் நித்திரை கொள்வானாம். ஒரு தரம் காத்தான் அவள் வீட்டு மழையை அனுப்ப, "இது கொங்கிரீட்டு வீட்டு மழை, எனக்கு வேணாம்" எண்டான். அவள் ஒரு கிழமை கோபம்.

இனி நவம்பருக்கு வருகிறேன்.

நவம்பர் எங்களுக்குப் பயமான மாதம். 1978 நவம்பர் 23 சூறாவளியை அம்மம்மா ஒவ்வொரு கார்த்திகையிலும் திருப்பிச் சொல்லுவா. தென்னை எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்தது, காத்து ஒருக்கா நிண்டு ஊரே அமைதியாகி, முடிஞ்சு போச்செண்டு ஆட்கள் வெளியே வர, மறுகா எதிர்ப்பக்கத்தால திரும்பி வந்தது. அந்த நடுவில் கிடைத்த அமைதிதான் சூறாவளியின் கண் என்பதைப் புவியியல் வகுப்பில் படித்த பிறகுதான் நான் அம்மம்மாவை நம்பினேன். வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் எண்டு ரேடியோ சொன்னாலே எங்கட வீட்டில் அரிசியும் மெழுகுதிரியும் மேலே ஏறிவிடும்.

2025 நவம்பர் கடைசிக் கிழமையும் அப்படித்தான். கிழக்குக் கரையால் ஏறப்போகிறது எண்டு கதை. பிறகுதான் பெயர் தெரிந்தது, டித்வா. யேமன் கொடுத்த பெயர், சொகோத்திராத் தீவில் உள்ள ஒரு களப்பினுடையது. களப்புக்காரருக்குக் களப்பின் பெயரிலேயே வருகிறது எண்டு பாலமீன் பகிடி விட்டான்.

எங்கட போன்களுக்கு வந்த எச்சரிக்கைகள் பல முதலில் சிங்களத்தில்தான் வந்தன. எனக்குச் சிங்களம் கடைப்பலகை வாசிக்கிற அளவு. காத்தானுக்குக் கொஞ்சம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஒழுங்காகத் தெரிந்தவள் பசறை ஒருத்திதான். பதுளை டவுனில் கடையில் நிண்டு பழகின சிங்களம். நாங்கள் வருகிறதை எல்லாம் அவளுக்குத் தள்ளிவிட, அவள் வாசித்து வாசித்து வொய்ஸ் போட்டாள். "ஏய் படுவான், கடக்கரப் பக்கம் போகாதீங்கன்னு போட்டிருக்கான். பாலமீன், ஒங்கப்பாவ தோணி எடுக்க வேணாம்னு சொல்லு. காத்து கடுமையா வரும்ங்கிறான். காத்தான், மரத்துக்குக் கீழ ஆட்டோவ நிறுத்தாதன்னு வாப்பாகிட்ட சொல்லு."

மூன்று நாள் அவள் எங்களுக்கு வானிலை அறிக்கை. பின்னால் மழைச் சத்தம் அவள் குரலை மூடும் அளவுக்கு இருந்தது. அதைக் கேட்டும் எங்களில் ஒருவரும் ஒண்டும் கேட்கவில்லை.

26ஆம் திகதி இரவு அவளே சொன்னாள். "இங்கயும் மூணு நாளா விடாம ஊத்துது. மலைக்கு யாரும் போகல. வேல இல்ல." மழை நாளில் கொழுந்து எடுத்தாலும் ஈரத்துக்கு எண்டு நிறையில் வெட்டுவார்கள், அவள் அம்மாவுக்கு அந்தக் கோபம் எப்பவும் இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். அதைப் பற்றியாவது கேட்டிருக்கலாம். நான் எழுதினது இது:

"உங்கட ஊரில எப்பதான் மழை விட்டது?"

பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சி இரண்டு.

அவளும் ஒரு சிரிப்பு மூஞ்சி போட்டாள். பிறகு நாங்கள் நாலு பேரும் எங்கட சூறாவளிக்குத் திரும்பினோம். கூரைத் தகரத்தின் மேல் என்ன வைத்துக் கட்டுவது, போனை எப்படிச் சார்ஜ் பண்ணி வைப்பது. 1978, 2004, 2011 எண்டு எங்களிடம் பெரிய பட்டியல் இருந்தது. ஆபத்து எங்களுக்குத்தான் வரும் என்பதில் ஒரு பெருமை மாதிரிக்கூட இருந்தது, இப்ப எழுதவே கூசுகிறது. அம்மம்மாவிடம் பசறையைப் பற்றிச் சொன்னபோது, "மலையில இரிக்கிற புள்ளைக்கு என்ன மனே பயம், தண்ணி கீழதானே ஓடும்" எண்டா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடினது எனக்குத் தெரியாத விசயம் அல்ல. மண்சரிவு என்ற பாடத்தில் அதை உதாரணமாக எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.

28ஆம் திகதி அது கிழக்கால்தான் ஏறியது. எங்களுக்குக் காத்து அடித்தது, மரம் முறிந்தது, கரண்ட் போனது, வட்டைக்குள் தண்ணி நிண்டது. தம்பியின் உயர்தரச் சோதனை நடுவில் நிண்டுபோனது. மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலி ஏறிக் கொழும்பு ரோட்டும் அறுந்தது. ஆனால் கூரை போகவில்லை. நாங்கள் பயந்த சூறாவளி எங்களைக் கடந்து போய் மழையாக மலையில் விழுந்தது. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் செத்தார்கள், பதுளை, கண்டி, நுவரெலியா எண்டு மலைநாட்டில்தான் கூட. அந்த எண் எங்களுக்கு ஒரேயடியாகத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

27ஆம் திகதி காலை நான் போட்ட "பசறை, எழும்பிட்டயா" என்பதற்கு ஒற்றை டிக்.

ஒற்றை டிக் எண்டால் என்ன எண்டு எல்லாருக்கும் தெரியும். செய்தி புறப்பட்டுவிட்டது, சேரவில்லை. எனக்கும் கரண்ட் இல்லை. சித்தப்பாவின் டிராக்டர் பற்றரியில் போனைக் கொழுவி, காலையும் பின்னேரமும் ஐந்து நிமிசம் திறந்து பார்த்தேன். ஒற்றை டிக். அதற்குக் கீழே காத்தானின் செய்தி. பாலமீன் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தான். ஐந்து வருசமாக நாங்கள் எழுதின எல்லாவற்றிலும் சின்னது அதுதான்.

கரண்டும் சிக்னலும் ஒழுங்காக இருந்தவன் தோஹா மட்டும். வேலை முடிந்து வந்து விடிய விடியத் தேடினான். முகப்புத்தகத்தில் காணாமல்போனோர் பதிவுகள், தோட்டங்களின் பெயர்கள், யாரோ எடுத்த வீடியோக்கள். ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, "இதில தெரியிற தண்ணித் தாங்கி அவள் சொன்ன தாங்கியா?" எண்டு கேட்டான். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தாங்கிக்குப் பக்கத்தில் நிண்டு எங்களோடு இரண்டு வருசம் படித்தவள். தாங்கி என்ன நிறம், பக்கத்தில் என்ன இருக்கு, லயம் அதுக்கு மேலேயா கீழேயா, ஒருவரும் கேட்டதில்லை. தோட்டத்தின் பெயர் தெரியும், எந்த டிவிசன் எண்டு தெரியாது. அவள் மட்டும் எங்கட எல்லா விவரமும் வைத்திருந்தாள். எங்கட வீட்டுக்கு முன்னால் மருதமரம் நிற்பது, காத்தானின் ஆட்டோ எங்கே நிற்கும் என்பது, எல்லாம்.

காத்தானின் வாப்பா முந்திப் புடவைப் பொட்டலியோடு பசறை, லுணுகலைப் பக்கம் போய் வந்தவர். பழைய கொப்பி ஒன்றில் அங்கே ஒரு கடைக்காரரின் நம்பர் இருந்தது. எடுத்தால் லைன் இல்லை. மனிசன் ஒரு நாளைக்குப் பத்துத்தரம் எடுத்திருக்கிறார். "அந்தப் புள்ளதானே எனக்கு மரத்துக்குக் கீழ ஆட்டோவ விடாதேயெண்டு சொன்னது" எண்டு சொல்லிச் சொல்லி எடுத்தாராம். அந்த மரம் முறிந்து விழுந்தது உண்மை. ஆட்டோ அங்கே நிற்கவில்லை.

டிசம்பர் 2, பின்னேரம். நான் வட்டையில் அப்பாவோடு நிண்டேன். தண்ணி வற்றத் தொடங்கியிருந்தது. நட்டமா இல்லையா எண்டு அப்பா குனிந்து நெல்லின் அடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நிண்டார். போன் இரண்டு தரம் அடித்தது.

"படுவான் அங்க காத்து எப்டி. பயமா இருந்தா கோல் எடு."

பசறை. நான் சத்தம் போட்டதில் அப்பா நெல்லை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அடுத்தது வர ஒரு நிமிசம் எடுத்தது.

"ஐயோ அது அன்னைக்கு ராத்திரி போட்டது. இப்பதான் போகுது. நாங்க இருக்கோம்."

அன்றைக்கு இரவு மேல்மலை வெடித்து மண் வரத் தொடங்கியதும், இருட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கோயிலுக்கும், விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கும் இறங்கியிருக்கிறார்கள். ஓட முதல் எனக்கு அனுப்பிய செய்தி, சிக்னல் இல்லாமல் போனுக்குள்ளேயே ஐந்து நாள் கிடந்திருக்கிறது. அவள் லயத்தில் எல்லோரும் தப்பினார்கள். அடுத்த லயத்தில் அப்படி இல்லை. அதைப் பற்றி அவள் ஒரு வரிதான் எழுதினாள். அந்த வரியை இங்கே போட எனக்கு உரிமை இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். "உங்கட ஊரில எப்பதான் மழை விட்டது" எண்டு எழுதினதுக்கு. அவளுக்கு அது ஞாபகமே இல்லை. மேலே தள்ளிப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே கேட்டிருக்க, இன்னும் விடல" எண்டாள். இதைவிட அவள் ஏசியிருந்தால் நல்லம்.

இப்ப அவர்கள் சித்தியின் வீட்டில், பதுளை டவுனுக்குக் கிட்ட. பழைய லயம் அப்படியே நிற்கிறது, ஆனால் மலை வெடித்திருப்பதால் திரும்பிப் போகவேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறார்களாம். எங்கே போவது எண்டு ஒருவரும் சொல்லவில்லையாம். அம்மா மட்டும் பகலில் கொழுந்துக்குப் போய் வருகிறா. வீடு இருக்கக்கூடாத மலையில் வேலை செய்யலாம் போல. காத்தான்குடியில் இருந்து ஒரு லொறி சாமான் போனபோது காத்தானின் வாப்பாவும் ஏறிப் போனார். எங்களில் அவளை முதலில் நேரில் கண்டது அவர்தான். வந்து சொன்னாராம், "சின்னப் புள்ளகா, வொய்ஸ்ல கேக்கிற மாதிரி இல்ல."

நான் இப்ப கேள்விகள் கேட்கிறேன். அளவுக்கு மிஞ்சிக் கேட்கிறேன் எண்டு அவள் சொல்கிறாள். சித்தி வீடு மேட்டிலா பள்ளத்திலா, பின்னால் மண் திட்டி இருக்கா, ஓடை எந்தப் பக்கம். ஒரு நாள் எரிச்சல் வந்து, "புவியியல் சோதனையா நடத்துற?" எண்டாள். தாங்கி என்ன நிறம் எண்டும் கேட்டேன். நீலமாம். மண் அதையும் கொண்டுபோய்விட்டதாம்.

நேற்று இரவு இஞ்ச திடீரெண்டு ஒரு மழை. தோஹாவுக்கு அனுப்பத் தகரத்துக்குக் கீழே போனைப் பிடித்தேன். வொய்ஸ் போன கையோடு பசறையிடமிருந்து வந்தது.

"அங்க மழையா?"

"ஓம். அங்க?"

"இல்ல. துணி வெளியதான் கெடக்கு. அம்மா இப்பதான் சோறு போடுறாங்க."

"என்ன கறி?"

"பருப்பு. கருவாடும் இருக்கு, ஒங்க ஊர்க் கருவாடு, வாப்பா கொண்டாந்தது."